ஒரே மரபணு, எதிரெதிர் பழுதுகள்: பச்சிளம் குழந்தை வலிப்பில் ஒரு பொட்டாசியம் சேனல் நிகழ்வு ஆய்வு

பிறந்த இரண்டாம் நாள் இரவு வலிப்பு தொடங்கிய ஒரு பெண் குழந்தையைப் பற்றி எழுதுகிறேன். அவளுக்குக் கடைசியில் கிடைத்த நோய்ப்பெயர், கேசிஎன்கியூ2 மரபணுப் பிறழ்வால் வந்த மூளைப் பாதிப்பு. அந்தப் பெயர் மட்டும் கையில் இருந்தால் அவளுக்கு எந்த மருந்து கொடுப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பு செல்லின் சுவரில் பொட்டாசியத்தை வெளியே விடும் சேனல் என்ற நுண்வாயிலை அமைக்கும் மரபணு அது. அவளது பிறழ்வு அந்தச் சேனலை மூட வைக்கிறதா, திறந்தே வைக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். மரபணு அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பெற்றோருக்கும் அதைப் படித்துச் சொல்லும் இளம் மருத்துவர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே சேர்க்கவில்லை.

முதல் வாரம்

நிறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை. கர்ப்பகாலத்தில் சிக்கல் எதுவும் இல்லை. பிறந்தவுடன் அழுதாள், பிறந்தவுடன் குழந்தையின் நிலையை அளக்கும் அப்கார் மதிப்பெண்ணில் குறையில்லை, தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலநிலையும் சரியாகவே இருந்தது. முதல் நாள் முழுக்க நன்றாகப் பால் குடித்தாள், தூங்கினாள்.

இரண்டாம் நாள் இரவு, பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே உடல் விறைத்தது. முதலில் கவனித்தவர் அம்மாதான். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதினோம்: “ஒரு பக்கம் மட்டும் இறுகி முறுக்கிக்குது டாக்டர். தலையும் அந்தப் பக்கமே திரும்பிடுது. மூச்சு நின்னு நீலமாயிடுறா. அப்புறம்தான் கை கால் வெட்டுது. அடுத்த தடவை வந்தா இன்னொரு பக்கம்.”

எந்த ஸ்கேனுக்கும் குறையாத தகவல் இது. விறைப்பில் தொடங்குவது, கூடவே மூச்சு நிற்பது, வெட்டு பின்னால் வருவது, ஒவ்வொரு தடவையும் பக்கம் மாறுவது: கேசிஎன்கியூ2 வலிப்பின் அடையாளங்கள் அத்தனையும் அந்த அம்மாவின் பேச்சில் இருந்தன. மூளையில் ரத்தக்கசிவோ அடைப்போ இருந்தால் வலிப்பு பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் திரும்பத் திரும்ப வரும். பக்கம் மாறி மாறி வந்தால், ஒரு இடத்துக் காயத்தைவிட மூளை முழுக்கப் பரவியிருக்கும் ஒரு பழுதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தச் சர்க்கரை, கால்சியம், மக்னீசியம், சோடியம், அம்மோனியா எல்லாம் சரி. தண்டுவட நீரில் தொற்று இல்லை, அதில் சர்க்கரை அளவும் சரி. வலிப்பு மருந்தான பீனோபார்பிட்டாலைத் தொடக்கத்தில் கொடுக்கும் முழு அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. லெவடிராசிட்டம் சேர்த்தும் மாற்றமில்லை. வைட்டமின் பி6 சார்ந்த வலிப்பாக இருக்குமோ என்று பைரிடாக்சினும், பிறகு பைரிடாக்சால் பாஸ்பேட்டும் கொடுத்துப் பார்த்தோம். அதற்கும் பலனில்லை. ஐந்தாம் நாளில், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பல தடவை வலிப்பு வந்துகொண்டிருந்தது.

எங்களிடம் வரும்போது அவளது பரிந்துரைக் கடிதத்தில் “பிறப்பின்போது மூச்சுத்திணறல்” என்று எழுதியிருந்தது. பச்சிளம் குழந்தைக்கு வலிப்பு வந்தால் முதலில் நினைவுக்கு வரும் காரணம் அதுதான், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஆக்சிஜன் குறைவால் வரும் வலிப்பு பொதுவாக முதல் 24 மணி நேரத்திலேயே தலைகாட்டிவிடும். அந்தக் குழந்தைகள் பிறந்ததிலிருந்தே சோர்ந்து கிடப்பார்கள். இவள் முதல் நாள் முழுக்க விழித்து, குடித்து, அழுது எல்லாம் செய்தவள். நல்ல தொப்புள்கொடி ரத்தத்தோடும் ஒரு நாள் முழுக்கத் தெளிவாக இருந்த குழந்தையோடும் அந்தக் காரணம் பொருந்தவே இல்லை. “மூச்சுத்திணறல்” என்று எழுதிவிட்டால் அதோடு தேடலும் நின்றுபோகிறது. பிரசவத்தில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்ற குற்றவுணர்வையும் அம்மா ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டியதாகிறது.

இஇஜி காட்டியது

ஆறாம் நாள் வீடியோவோடு சேர்த்து இஇஜி, அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, எடுத்தோம். வலிப்பு இல்லாத நேரத்திலும் பதிவு மோசமாகவே இருந்தது. கூர்மையான அலைகள் திடீரென்று குமுறி எழும், பிறகு சில நொடிகள் ஏறக்குறைய தட்டையாகிவிடும், மறுபடி எழும். வலிப்பு வரும்போது நடந்தது இன்னும் தெளிவாக இருந்தது. முதலில் எல்லா அலைகளும் சட்டென்று தாழ்ந்தன. அந்தத் தாழ்வில் மிக வேகமான சிற்றலைகள் தோன்றின, அதே நொடியில் உடல் விறைத்தது. பிறகு பெரிய கூரலைகள். எல்லாம் முடிந்ததும் பதிவு மறுபடி அடங்கிக் கிடந்தது. படுக்கையருகே வைக்கும் சுருக்கப்பட்ட இஇஜி கருவியில் இதுவே குபீரென்று ஒரு உயர்வாகவும், உடனே ஆழமான சரிவாகவும் தெரியும். இந்த உயர்வு சரிவு வடிவத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த குழந்தையிடம் அதை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

எம்ஆர்ஐ படத்தில் காயம் இல்லை, ரத்தக்கசிவு இல்லை, மூளை வளர்ச்சியில் கோளாறும் இல்லை. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளில் இருபுறமும் லேசான ஒளிர்வு மட்டும் தெரிந்தது. இந்த நோயுள்ள சில குழந்தைகளுக்கு முதல் வாரங்களில் இது தெரியும், வளர வளர மங்கிவிடும்.

முடிவு எடுத்த நாள்

மரபணுப் பரிசோதனைக்குக் குழந்தையின் ரத்தத்தோடு அப்பா, அம்மா இருவரின் ரத்தத்தையும் அனுப்பினோம். முடிவு வர வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. விறைப்பு வகை வலிப்பு, மாறும் பக்கம், முதல் நாள் நலமாக இருந்த குழந்தை, இந்த இஇஜி எல்லாம் ஒன்றாக ஒரு சேனல் நோயைத்தான் காட்டின. எனவே ஒன்பதாம் நாள், இதயத்துடிப்பைக் கண்காணித்தபடியே, நரம்பு வழியாக பீனிட்டோயின் கொடுத்தோம்.

சில மணி நேரத்தில் வலிப்புகளின் இடைவெளி நீண்டது. பச்சிளம் குழந்தைகளுக்கு பீனிட்டோயினை வாய்வழி கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. அதனால் மறுநாளிலிருந்து கார்பமசபீனை, கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில், குழாய் வழியாகத் தொடங்கினோம். ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டோம். பதினான்காம் நாளோடு வலிப்பு நின்றது. பீனோபார்பிட்டாலைக் குறைத்து நிறுத்தியதும், வலிப்பு தொடங்கியபின் முதன்முறையாகக் கண் திறந்து முகம் பார்த்தாள்.

இதை எங்கள் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. கேசிஎன்கியூ2 குழந்தைகளுக்கு, பீனிட்டோயின், கார்பமசபீன் போன்ற, சோடியம் சேனலைத் தடுக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன என்று பல குழுக்கள் முன்பே எழுதியிருக்கின்றன. சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2023-ல் வெளியிட்ட பச்சிளம் குழந்தை வலிப்பு வழிகாட்டுதலும், முதல் மருந்தாக பீனோபார்பிட்டாலைச் சொல்லிவிட்டு, குடும்ப வரலாறு போன்ற காரணங்களால் சேனல் நோய் என்று சந்தேகம் இருந்தால் பீனிட்டோயினோ கார்பமசபீனோ கொடுக்கச் சொல்கிறது. கார்பமசபீன் மலிவான, பழைய, எங்கும் கிடைக்கும் மருந்து. அது கையருகிலேயே இருக்க, அறிக்கைக்காகக் காத்திருந்து ஒரு குழந்தை வாரக்கணக்கில் வலிப்பில் கிடப்பதுதான் எனக்குத் தாங்காத விஷயம்.

அறிக்கை

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த பிறகு வந்தது. கேசிஎன்கியூ2 மரபணுவின் ஒரு பிரதியில், புரதத்தின் 213-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டமைன் என்ற வேறொன்று. அப்பாவிடமும் அம்மாவிடமும் இந்த மாற்றம் இல்லை, குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது.

இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள, அந்தச் சேனல் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நரம்பு செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் வெளியில் இருப்பதைவிட 30 மடங்குக்கும் மேல். சேனல் திறந்தால் பொட்டாசியம் வெளியே பாயும், செல்லின் உட்புற மின்னழுத்தம் இறங்கும், செல் அமைதியாகும். மனிதரிடம் 70-க்கும் மேற்பட்ட பொட்டாசியம் சேனல் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஒரு மின்துடிப்பு முடிந்தவுடன் செல்லை மீட்டு வைப்பவை. கேசிஎன்கியூ2-ம் அதன் கூட்டாளியான கேசிஎன்கியூ3-ம் சேர்ந்து அமைக்கும் சேனலின் வேலை வேறு. செல் துடிக்கத் தொடங்கும் எல்லைக்கு முன்பே, சுமார் மைனஸ் 60 மில்லிவோல்ட்டிலேயே, அது மெதுவாகத் திறக்கிறது. திறந்தால் தானாக மூடிக்கொள்வதும் இல்லை. ஒரு துடிப்புக்குப் பின்னால் இன்னொரு துடிப்பு, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று செல் ஓட விடாமல் பிடிக்கும் பிரேக் அது. இந்த மின்னோட்டத்தை டேவிட் பிரவுனும் பால் ஆடம்ஸும் 1980-ல் தவளையின் நரம்பு செல்களில் கண்டு சொன்னார்கள். அதற்கு எம் மின்னோட்டம் என்று பெயர். கேசிஎன்கியூ2, கேசிஎன்கியூ3 இரண்டும்தான் அதை உண்டாக்குகின்றன என்பது 1998-ல் தெரிந்தது. அதே ஆண்டுதான் இந்த இரண்டு மரபணுக்களையும் குடும்ப வழி பச்சிளம் வலிப்போடு இணைத்துக் காட்டினார்கள்.

நரம்பு செல்லின் நீண்ட இழை புறப்படும் இடத்தில், துடிப்பு உருவாகும் அந்தச் சிறு துண்டில், இந்தச் சேனல்களும் சோடியம் சேனல்களும் ஒரே நங்கூரப் புரதத்தில் பக்கத்துப் பக்கத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. பொட்டாசியம் பக்கம் பிடி தளர்ந்தால், அதே இடத்தில் சோடியம் பக்கத்தை அடக்கிச் சமன் செய்யலாம். கார்பமசபீன் வேலை செய்வதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஏன் பிறந்த முதல் வாரத்திலேயே வருகிறது? வளர்ந்த மூளையில் செல்களை அமைதிப்படுத்தும் முக்கிய வேதிப்பொருள் காபா. பிறந்த சமயத்தில் செல்களுக்குள் குளோரைடு அதிகம் இருப்பதால், அதே காபா அமைதிப்படுத்துவதற்குப் பதிலாகத் தூண்டிவிடவும் செய்கிறது. அந்த வாரங்களில் எம் மின்னோட்டத்தையே மூளை பெரிதும் நம்பியிருக்கிறது. காபாவைத் துணைக்கு அழைக்கும் பீனோபார்பிட்டால் இந்தக் குழந்தைகளிடம் அடிக்கடி தோற்றுப்போவதும் இதோடு பொருந்திப் போகிறது.

213-ஆம் இடமும் அதன் அக்கம்பக்கமும்

ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் ரெட்டும் டொய்பெலும் 1964-லேயே ஒரு குடும்பத்தை விவரித்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாளில் வலிப்பு வந்து, சில மாதங்களில் தானாக நின்று, எல்லோரும் இயல்பாக வளர்ந்தார்கள். கேசிஎன்கியூ2-வின் சாதுவான முகம் அது. அங்கே பெரும்பாலும் ஒரு பிரதி வேலை செய்யாமல் போகிறது, மற்றது தன் வேலையைச் செய்கிறது. மின்னோட்டத்தில் 25 சதவீதம் குறைந்தாலே அந்த வலிப்புக்குப் போதும் என்று 1998-ல் காட்டினார்கள்.

கடுமையான முகம் 2012-ல் தெளிவாக வெளிவந்தது. காரணம் தெரியாத பச்சிளம் வலிப்பும் வளர்ச்சிக் குறைபாடும் இருந்த 80 பேரைப் பரிசோதித்ததில் 8 பேரிடம் கேசிஎன்கியூ2 பிறழ்வு இருந்தது. இங்கே பெரும்பாலும் நடப்பது வேறு. சேனல் என்பது நான்கு அலகுகள் கூடி அமைவது. பழுதான அலகு உற்பத்தியாகாமல் போனால் தப்பித்தோம். அது உற்பத்தியாகி, நல்ல அலகுகளோடு கூடி அமர்ந்துகொண்டால், முழுச் சேனலும் கெடுகிறது. நான்கும் கேசிஎன்கியூ2 அலகுகளாகவே இருந்து, அவற்றில் பாதி பழுதானவை என்றால், நான்கும் நல்லவையாக அமைய 16-ல் ஒரு வாய்ப்புதான்.

இப்போது நம் குழந்தையின் இடத்துக்கு வருவோம். கேசிஎன்கியூ2 புரதத்தில் 872 அமினோ அமிலங்கள். அந்தச் சங்கிலி பல சுருள்களாக மடிந்திருக்கிறது, அவற்றில் நான்காவது சுருள்தான் மின்னழுத்தத்தை உணரும் பகுதி. நேர்மின் சுமையுள்ள ஆர்ஜினைன்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. செல்லின் மின்னழுத்தம் மாறும்போது சுருள் நகர்கிறது, சேனல் திறக்கிறது.

213-ஆம் இடத்து ஆர்ஜினைன் டிரிப்டோஃபானாக மாறினால் ரெட் விவரித்த சாதுவான வலிப்பு வருகிறது. அதே இடத்தில் குளூட்டமைனாக மாறினால் கடுமையான மூளைப் பாதிப்பு வருகிறது. நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள் 2013-ல் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். இரண்டிலும் சேனலின் திறந்த நிலை தள்ளாடுகிறது, திறக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. குளூட்டமைனில் அந்தப் பாதிப்பு மேலும் பெரிது. ஒரே இடம், ஒரே நேர்மின் சுமைதான் போகிறது, வந்து உட்காரும் அமினோ அமிலம் மட்டும் வேறு. ஒரு வீட்டில் குழந்தை இயல்பாக வளர்கிறது, இன்னொரு வீட்டில் உட்காரவே ஒன்றரை வயது ஆகிறது.

அதே சுருளில் 12 இடம் முன்னால், 201-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் போனால் கதை தலைகீழ். அங்கே தள்ளாடுவது சேனலின் மூடிய நிலை. எனவே சேனல் வேண்டாத நேரத்திலும் திறந்திருக்கிறது, பொட்டாசியம் மிகையாகப் பாய்கிறது. அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் உடல் தூக்கித் தூக்கிப் போடும், ஆனால் அது வலிப்பு இல்லை, இஇஜியில் அதற்கு இணையான அலை எதுவும் இருக்காது. மூச்சு திணறும், பலருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும். இன்னும் மூன்று இடம் முன்னால், 198-ல் பழுது வந்தால் பச்சிளம் பருவத்தில் ஒன்றும் தெரியாது. சில மாதங்கள் கழித்துத்தான் உடல் குனிந்து குனிந்து வரும் சிசு வலிப்பு தொடங்கும். பிரேக் அதிகமாக இருந்தும் மூளை ஏன் கொந்தளிக்கிறது என்று கேட்கத் தோன்றும். மற்ற செல்களை அடக்கிவைக்கும் செல்களும் இதே சேனலை நம்பியிருக்கின்றன, அவை அளவுக்கு மீறி அமைதியானால் மற்றவை கட்டவிழ்ந்துவிடும் என்பதுதான் முன்வைக்கப்படும் விளக்கம். இடையில் 207-ஆம் இடத்துப் பிறழ்வு ஒன்று பச்சிளம் வலிப்போடு, பிற்காலத்தில் தோலுக்கடியில் தசை ஓயாமல் நெளியும் நோயையும் கொண்டுவருகிறது.

இவை அத்தனையும் அறிக்கையில் “கேசிஎன்கியூ2, நோய் விளைவிக்கும் பிறழ்வு” என்றுதான் வரும்.

மற்ற பொட்டாசியம் சேனல் மரபணுக்களிலும் இதே நிலைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கேசிஎன்ஏ1 பழுதானால் திடீர்த் தள்ளாட்டமும் தசை நெளிவும் அவ்வப்போது வந்து போகும். கேசிஎன்டி1-ல் சேனல் மிகையாக வேலை செய்து, வலிப்பு மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு குயினிடின் என்ற இதய மருந்தை முயன்றார்கள், தொடக்கத்தில் எழுந்த நம்பிக்கை பிறகு நிலைக்கவில்லை. கேசிஎன்ஏ2-ல் மிகைச் செயல் வகைக்கு மட்டும், பொட்டாசியம் சேனலை அடைக்கும் 4-அமினோபிரிடின் பலனளித்திருக்கிறது, இழப்பு வகைக்கு அது ஆகாது. மனதுக்கு நிறைவான உதாரணம் கேசிஎன்ஜே11. பச்சிளம் சர்க்கரை நோயோடு வளர்ச்சிக் குறைபாடும் வலிப்பும் வரும் அந்தக் குழந்தைகளில் பலருக்கு, இன்சுலினுக்குப் பதிலாக கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை கொடுத்தால் சர்க்கரை அடங்குகிறது, சிலருக்கு நரம்பு நிலையிலும் முன்னேற்றம் தெரிகிறது.

குடும்பத்தோடு பேசியது

அப்பாவின் முதல் கேள்வி: “எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இல்லையே டாக்டர், அப்புறம் எப்படி?” கடுமையான வகையில் பெரும்பாலும் பிறழ்வு குழந்தையிடம் புதிதாகத்தான் தோன்றுகிறது, அம்மா சாப்பிட்டதோ செய்ததோ எதுவும் காரணமில்லை என்று சொன்னோம். அம்மா அதை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். பிரசவ அறையிலிருந்து அவர் தூக்கிக்கொண்டு வந்த “மூச்சுத்திணறல்” என்ற வார்த்தை அன்றுதான் அவரை விட்டுப் போனது.

அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டார்கள். பெற்றோரின் ரத்தத்தில் தெரியாவிட்டாலும், கருமுட்டைகளிலோ விந்தணுக்களிலோ ஒரு பகுதியில் பிறழ்வு ஒளிந்திருக்க முடியும். அதனால் வாய்ப்பு பூஜ்யமில்லை, ஆனால் மிகக் குறைவு, ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். வேண்டுமென்றால் கருவிலேயே பரிசோதிக்கலாம்.

குடும்ப வரலாறு கேட்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. தன் முதல் வாரத்தில் தனக்கு என்ன நடந்தது என்று எந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. கேட்க வேண்டியது பாட்டிகளிடம். வலிப்பு என்று கேட்டால் இல்லை என்பார்கள், “பொறந்த மூணாம் நாள் ஜன்னி வந்துச்சு, அப்புறம் தானா சரியாயிடுச்சு” என்று வேறு பேச்சில் சொல்வார்கள். சாதுவான வகையைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

இப்போது

அவளுக்கு இரண்டரை வயது. ஐந்தாம் மாதத்தில் காய்ச்சலோடு ஒரு தடவை வலிப்பு வந்தது, அதன்பின் இல்லை. கார்பமசபீன் தொடர்கிறது. ஒன்றரை வயதில் உட்கார்ந்தாள், பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நடக்கவில்லை. சொற்கள் இன்னும் வரவில்லை. அம்மாவின் குரலுக்குத் திரும்புகிறாள், வேண்டாததைக் கையால் தள்ளிவிடுகிறாள். வலிப்பு நின்றால் வளர்ச்சியும் கூடவே வந்துவிடும் என்று பெற்றோர் எதிர்பார்த்தார்கள். இந்த நோயில் அப்படி ஒரு உறுதி இல்லை, சேனல் பழுது வலிப்புக்கு அப்பாலும் மூளையின் வளர்ச்சியைப் பாதிக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம், சொன்ன கையோடு பிசியோதெரபியும் பேச்சுக்கு மாற்றான படத் தொடர்புப் பயிற்சியும் தொடங்கினோம்.

எம் மின்னோட்டத்தையே கூட்டும் மருந்து ஒன்று இருந்தது. ரெட்டிகாபின் 2011-ல் பெரியவர்களுக்கு அனுமதி பெற்றது. தோல் நீலம் பாரிப்பதும் விழித்திரை நிறம் மாறுவதும் தெரிந்த பிறகு பயன்பாடு குறைந்து, 2017-ல் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே வழியில் சேனலைத் திறக்கும் புதிய மருந்துகள் பரிசோதனையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இவளைப் போன்ற இழப்பு வகைக் குழந்தைக்கு உதவக்கூடும். 201-ஆம் இடத்துப் பழுதுள்ள குழந்தைக்கு அதையே கொடுத்தால் ஏற்கெனவே மிகையாக ஓடும் மின்னோட்டம் இன்னும் கூடிவிடும்.

ஆகவே அவளது கோப்பின் முதல் பக்கத்தில் மரபணுவின் பெயருக்குக் கீழே “213, ஆர்ஜினைன் – குளூட்டமைன், செயல் இழப்பு வகை, கார்பமசபீனுக்கு நல்ல பலன்” என்று தமிழிலேயே எழுதி, ஒரு நகலைப் பெற்றோரிடம் கொடுத்திருக்கிறோம். அவசரத்துக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கார்பமசபீனைத் திடீரென்று நிறுத்திவிடாமல் இருக்க அது வேண்டும். மருந்துப் பரிசோதனை எதிலாவது சேர்க்க யாராவது அழைத்தால், அந்த மருந்து சேனலைத் திறப்பதா மூடுவதா என்ற கேள்வியைப் பெற்றோரே முதலில் கேட்டுக்கொள்வார்கள்.